பேரலுக்கு வெள்ளம் வடிந்த நாள்

மலர்க்கொடி வீடு மாறப்போகிறாள் என்றதும் சடையங்குப்பத்தில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "அப்ப நாய இன்னா பண்ணப் போற?" இன்னா பண்ணுவாளாம்! ஆட்டோவின் பின் சீட்டில் இருபது கிலோ நாயை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, எம்.கே.பி. நகர் வரைக்கும் கால் மரத்துப்போக வந்து இறங்கினாள். ஆட்டோ ஓட்டியது அவளுடைய அண்ணன் திருமலை.

நாயின் பெயர் பேரல். ஆறு வருஷத்துக்கு முந்திய ஒரு மழையில், பாதியாக அறுத்த நீல பிளாஸ்டிக் பேரல் ஒன்று தெருவோடு மிதந்து வந்தது. அதற்குள் ஒரு குட்டி நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதைத் தூக்கி வந்தவள் மலர்க்கொடி. அப்புறம் அவள் போட்ட சோற்றில் உடம்பும் பெயருக்கு ஏற்றபடி ஆகிவிட்டது.

சும்மாவா, அவள் கைச் சோறு! திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு கேன்டீனில் பதினெட்டு வருஷமாக அவள்தான் சமையல். காலை நாஸ்டாவுக்கு முந்நூறு சப்பாத்தி போடுகிற கை. வாய் அதைவிட வேகம். சாம்பாரில் உப்பில்லை என்ற டிரெய்லர் டிரைவரிடம், "உன் வண்டில பிரேக்கு இல்லன்னு யார்டே சொல்லுது, நான் எதுனா கேட்டனா?" என்றவள். புருஷன் போனபோது மகள் சங்கமித்ரா ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். அந்த வாயையும் கையையும் வைத்துத்தான் மகளை நர்ஸுக்குப் படிக்க வைத்தாள். இப்போது மகளுக்கு இந்தப் பக்கமே ஆஸ்பத்திரி வேலை. மழைக் காலத்தில் முட்டித் தண்ணீரில் நடந்து டியூட்டிக்குப் போக முடியாது என்று அவள்தான் மூன்றாவது மாடியில் இந்த வீட்டை வாடகைக்குப் பிடித்தாள்.

மலர்க்கொடி வந்த அன்றைக்கே வீட்டை அடுக்கிவிட்டாள். கட்டிலின் ஒவ்வொரு காலுக்கும் மூன்று செங்கல். பிரிட்ஜை உயரமான மரப் பலகை மேல் ஏற்றினாள். அரிசி டிரம் பரணுக்குப் போனது. மகளின் சர்டிபிகேட்டெல்லாம் மூன்று பிளாஸ்டிக் கவருக்குள் போய், சுவரில் கைக்கு எட்டாத ஆணியில் தொங்கியது. செங்கல் பன்னிரண்டையும் சடையங்குப்பத்திலிருந்தே கொண்டுவந்திருந்தாள். அதை மூன்று மாடி சுமந்து ஏற்றிய திருமலையும் ஏன் என்று கேட்கவில்லை. அவர்கள் ஊரில் வீடு என்றால் அப்படித்தான் இருக்கும்.

வந்த நாளிலிருந்து பேரல் தானாகக் கட்டிலை விட்டு இறங்கவில்லை. கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. காலையும் மாலையும் மலர்க்கொடி அதைத் தோளில் தூக்கிக்கொண்டு படியிறங்குவாள். அது வேலையை முடித்துவிட்டு வாலைக் காலுக்குள் சுருட்டிக்கொண்டு நிற்கும். மறுபடி தூக்கிக்கொண்டு ஏறுவாள். அது கூடப் பரவாயில்லை. நாய் சாப்பிடவில்லை. கறிக் குழம்பு ஊற்றிப் பார்த்தாள், முட்டை அவித்துப் பார்த்தாள், பன்னைப் பாலில் ஊறவைத்து வாயருகே கொண்டுபோனாள். இரண்டு வாய் தண்ணீர், அவ்வளவுதான். மாட்டு டாக்டர் பார்த்துவிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார்.

ஐந்தாம் நாள் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. அன்றைக்கு மலர்க்கொடியும் சாப்பிடவில்லை.

"யம்மா, இதுக்கு இந்த எடம் ஒத்துக்கல. மாமாவ வரச் சொல்லிட்டேன்" என்றாள் சங்கமித்ரா. "ஞாயித்துக்கிழம வந்து இட்டுகினு போவாரு. பழைய எடத்துக்குப் போனா துன்னும். இங்கயே இருந்தா செத்துடும்மா."

வாய்க்காரி மலர்க்கொடி சட்டென்று எழுந்தாள். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எதிர்வீட்டு ஆலிஸ், மாதா கோயில் பூசை முடிந்த கையோடு ஒரு கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மீன் தலய வேக வெச்சு எத்தாந்தேன்க்கா. போறதுக்கு முன்ன ஒரு வாயாவது துன்னட்டும்" என்றவள், கட்டிலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பிரிட்ஜைப் பார்த்தாள். ஆணியைப் பார்த்தாள். பிறகு வந்ததே ஒரு சிரிப்பு! "இன்னாக்கா இது? மூணாவது மாடிக்குத் தண்ணி வரணும்னா மெட்ராசே முழுகிப்போணும்க்கா!"

"உனக்கு இன்னாடி தெரியும்? பத்தாவது மார்க்‌ஷீட்டு தண்ணில ஊறி, எம்பொண்ணு எத்தினி ஆபீஸ் ஏறி எறங்குச்சு தெரியுமா? சிரிக்கிறாளாம் சிரிப்பு!" என்று சீறினாள் மலர்க்கொடி.

சீறிய சூட்டோடு திரும்பியவள் கண்ணில் பேரல் பட்டது. செங்கல் மேல் ஏறிய கட்டில், அதன் மேல் நாய், கதவைப் பார்த்த கண். இந்தக் காட்சியை அவள் எத்தனை மழையில் பார்த்திருக்கிறாள்! தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் கட்டில் ஏறும், கட்டிலில் குடும்பம் ஏறும், கூடவே நாயும் ஏறும். சுத்தக்கார நாய். படுத்த இடத்தை அசிங்கப்படுத்திவிடுவோமோ என்று, தண்ணீர் வடியும்வரை ஒரு பருக்கை தொடாது. வடிந்த அன்றைக்குப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தரையைத் தேய்த்துக் கழுவி, கட்டிலை இறக்கி, ரசம் சோறு ஆக்கி, முதல் பிடியை அதற்குத்தான் வைப்பாள். பாவம், வீட்டிலேயே அதிகம் பட்டினி கிடந்தது அதுதானே என்று.

"அடிப்பாவி" என்றாள் மலர்க்கொடி. ஆலிஸை இல்லை, தன்னைத்தான். "இது வெள்ளம்னு நெனச்சுகினு கீது. நாந்தான்டி நெனைக்க வெச்சிட்டேன்!"

மணி ஒன்பதரை. அண்ணன் பதினொன்றுக்கு வருகிறேன் என்றிருந்தான்.

சங்கமித்ராவும் ஓடிவந்தாள்; மூன்று பேரும் கட்டிலைப் பிடித்துத் தூக்க, கல் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பிரிட்ஜ் தரைக்கு வந்தது. அரிசி டிரம் இறங்கியது. ஆணியில் கிடந்த கவரை மட்டும் மலர்க்கொடி எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"குடும்மா, பீரோ கீழ்த்தட்டுல வெச்சிடலாம்."

"கீழ்த்தட்டா? பயமா கீது மித்ரா" என்றாள். அவள் பயம் என்ற சொல்லைச் சொல்லி மகள் கேட்டதே இல்லை. சங்கமித்ரா கவரைப் பிடுங்கவில்லை. அம்மாவின் கையோடு கை வைத்துத் தானும் குனிந்து, இரண்டு பேருமாக அதைக் கீழ்த்தட்டில் வைத்தார்கள்.

அப்புறம் பிளீச்சிங் பவுடர். ஒரு துளி சேறு இல்லாத டைல்ஸ் தரையை மலர்க்கொடி மண்டியிட்டுத் தேய்த்தாள். அந்த வாடை எழுந்ததும் பேரல் காதைத் தூக்கியது. தரை காய்ந்தது. ரசம் கொதித்தது. சோற்றைப் பிசைந்து ஆறவைத்து, தட்டைத் தரை நடுவில் வைத்து, "வடிஞ்சிருச்சுடா, நைனா. எறங்கு" என்றாள். 

பேரல் முன்னங்காலைத் தரையில் வைத்தது. உடனே எடுத்துக்கொண்டது. மறுபடி வைத்தது. பின்னங்காலும் இறங்கியது. தட்டுக்கு வந்து ஒரு வாய் நக்கியது. அப்புறம் தட்டையே சுவர்வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்ச் சாப்பிட்டது. ஆலிஸ் கொண்டுவந்த மீன் தலையும் போன இடம் தெரியவில்லை.

கையில் கயிற்றோடு மாடியேறி வந்த திருமலை வாசலிலேயே நின்றுவிட்டான். "சவாரிய விட்டுட்டு வந்துகீறேன், இவரு இன்னாடான்னா வால ஆட்டிகினு ஏப்பம் வுடறாரு" என்றான். திட்டுவதுபோலத்தான் சொன்னான், கை மட்டும் நாயின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தது.

டீ குடிக்கும்போது அவன் பார்வை வாசலோரம் அடுக்கியிருந்த செங்கல் பக்கம் போனது. "இத்த இன்னா பண்ணப் போற?"

"இன்னா பண்றது, குப்பையில போடறதுதான்."

"நான் எடுத்துகினு போறேன். நம்ம வூட்டுக் கட்டிலுக்கு ரெண்டு வரிச பத்தல மலரு. போன தபா மெத்தை நனைஞ்சிடுச்சு" என்றான், கடையில் கொத்துமல்லி கேட்பவனைப்போல.

மலர்க்கொடி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். ஆறு நாளாக நாயைப் பார்த்துப் பார்த்து அழுதாளே, இவனை நினைத்தாளா? நாலு கல்லை எடுத்துக்கொண்டு அவனோடு இறங்கினாள். நாய் போகவேண்டிய பின் சீட்டில் கல் ஏறியது.

"மழ ஆரம்பிச்சா கல்ல அடுக்கினு அங்கயே குந்தினு இராத அண்ணே. அண்ணிய இட்டுகினு இங்க வந்துடு."

"பாக்கலாம், பாக்கலாம்" என்று அவன் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தான். அந்தப் 'பாக்கலாம்' அவளுக்குத் தெரியாததா? வரமாட்டான். தங்கச்சி வீட்டில் போய் நிற்பதா என்று கௌரவம் பார்ப்பான்.

இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்தாள். வீட்டுக்காரர் கொடுத்தது இரண்டே சாவி. ஒன்று மகளிடம் இருக்கிறது. தன்னுடையதைக் கழற்றி அண்ணனின் சட்டைப் பையில் போட்டாள்.

"நான் வேலைக்குப் போயிருந்தாலும் தொறந்துகினு உள்ள போ. உன் வூடு அது" என்றாள்.