முதலாளி தந்த வகுப்புக் காசு

ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் உள்ள தமிழ்க் கடையில், எங்கள் ஆட்களுக்கு வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் அண்ணையை இன்று பார்த்தேன்.

பள்ளியை இடையில் விட்ட நான், பேக்கரியில் வேலை செய்தபடி மாலை வகுப்பில் படிக்கிறேன். கட்டணத்தை முதலாளி திருப்பித் தந்துவிட்டார்.

“அதையும் உன்ர செலவெண்டு போடுவம் பிள்ளை. வரிக்காசு திரும்பி வரும்.”

“அதை முதலாளி தந்திட்டாரே, அண்ணை.”

“ஆருக்குத் தெரியும்? எல்லாரும் இப்பிடித்தான் செய்யினம். கையெழுத்து வை.” பேனாவை நீட்டினார்.

பிடிபட்டால் மாட்டுவது நான் மட்டும்தான்.

“நிரப்பினது நீங்களெண்டு உங்கட பேரையும் எழுதுவீங்களோ?” மெதுவாகத்தான் கேட்டேன்.

பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கடைக்கார அக்காவிடம் பருப்பு விலை விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

கையெழுத்து வைக்காமல் வந்துவிட்டேன்.

‘எல்லாரும்’ என்றாரே, அந்த எல்லாரில் யாராவது இதைப் படிக்கிறீர்களா?