வெள்ளிச் சின்னமும் பார்லிக் கஞ்சியும்

எங்கள் ஹாடிங்டன் ஊரில் நினியன் கூர்லேயைப் போல மிடுக்கான ஆள் கிடையாது. ராஜாவின் ஆணையை வாசலில் நின்று படிக்கும் தூதர் அவர். கையில் வெள்ளைக் கோல், மார்பில் வெள்ளிச் சின்னம். தூங்கும்போதுகூட அதைக் கழற்றமாட்டார் என்பாள் அவர் மனைவி. "எங்க முன்னோர் பட்டாபிஷேகத்துல ராஜாவோட வம்சாவளியையே பாடினவங்கடா" என்று அவர் ஆரம்பித்தால், அப்பப்பா! ஆணை படிப்பதற்குச் சாட்சியாக அவர் பின்னால் அலைந்தே எனக்கு அது மனப்பாடம்.

அன்று மரியன் பர்வ்ஸின் மதுக்கடைக்குப் போனோம். செத்துப்போன அவள் புருஷன் கதவில் சிவப்புச் சிங்கம் வரைந்திருந்தான். அது ராஜாவின் கொடியில் இருக்கும் சிங்கம், கண்டவரும் வரையக் கூடாது. எதிர்க்கடை கத்பர்ட் போட்டுக்கொடுத்துவிட்டான். அழிக்கச் சொல்லி ஆணை வந்திருந்தது.

சரியான மழை. நினியன் படிக்கத் தொடங்கியதுமே மரியன் பாய்ந்து வந்தாள்.

"அவரு கையால வரைஞ்சது! எவன்டா அழிக்க வந்தவன்?"

ஒரு சட்டி பார்லிக் கஞ்சி அவர் தலையில் கவிழ்ந்தது. நல்லவேளை, ஆறிய கஞ்சி.

தூதரைத் தாக்கினால் அவர் கோலை முறிப்பார். முறித்தால் தாக்கியவரின் பண்டம் பாத்திரம் எல்லாம் ராஜாவுக்கு.

"முறிங்கய்யா, முறிங்க!" என்று குதித்தான் கத்பர்ட்.

மரியனுக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயோ, இந்தக் கடையை விட்டா எனக்கு என்ன இருக்கு?"

நினியன் இரண்டு கையாலும் கோலைப் பிடித்தார்.  முறிக்கும் முன் சின்னத்தைத் தொடப் போனவர் அப்படியே நின்றார். மழையில் வெள்ளி கறுத்துவிடும் என்று அதை மேலங்கிக்குள் மூடி வைத்திருந்தார்.

"சின்னத்தைக் காட்டாம படிச்சா நான் தூதனே இல்ல. கஞ்சி விழுந்தது மழையில நனைஞ்ச ஒரு முட்டாள் மேல. தப்பு என்னோடது. எடின்பரோவுல தூதர்களோட தலைவர்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

"வேலை போயிடும்யா!" என்றேன்.

"இப்ப வெளியே எடுத்துப் போட்டுக்குங்க. யாருக்குத் தெரியும்?" என்றான் கத்பர்ட்.

"எனக்குத் தெரியும்ல? வாயை மூடுடா."

பிறகு சின்னத்தை எடுத்து எல்லாருக்கும் காட்டி, முதலிலிருந்து படித்தார். மரியன் அசையாமல் கேட்டாள். முடிந்ததும் தானே சாயச் சட்டியைக் கொண்டுவந்து சிங்கத்தை அழித்தாள். அதன் முகத்தைக் கடைசியாக அழித்தாள். 

"உள்ள வாங்க, தலையைத் துடைச்சுக்குங்க," என்றாள் அவரிடம். "கஞ்சி இன்னும் இருக்கு."

நினியன் சின்னத்தைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.