இந்த மாசம் பணம் வந்துச்சா?

கதவைத் தட்டிக் கேள்வி கேட்கும் தொழிலில் முதலில் தேய்வது செருப்பு, அடுத்தது மனிதர்கள் மேல் உள்ள நம்பிக்கை. குடும்பத் தலைவிகளுக்கு அரசு மாதாமாதம் வங்கியில் போடும் இரண்டாயிரம் ரூபாயால் என்ன பயன் என்று சந்தாபுராவில் வீடு வீடாகக் கேட்டு, பதிலை டேப்லெட்டில் ஏற்றுவது என் வேலை. "எல்லாரும் பொய்தான் சொல்வாங்க, சுத்திச் சுத்திக் கேளும்மா" என்பது எங்கள் சூப்பர்வைசரின் உபதேசம். நீங்களும் சர்வே எடுத்துப் பிழைத்தவர் என்றால் என் பாடு உங்களுக்குப் புரியும்.

ஜில்லென்ற பீரோ

நான் முனையில் திரும்பினால் போதும், மூன்றாவது கிராஸ் தெரு முழுவதும் ஏழையாகிவிடும். கொலுசு கழன்றுவிடும். ஸ்கூட்டர் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். வசதி இருப்பதாக நான் எழுதிக்கொண்டு போனால் பணம் நின்றுவிடும் என்று பயம். நிறுத்துகிற அதிகாரம் எனக்கில்லை என்றால் யார் நம்புகிறார்கள்?

ஒரு வீட்டில் பூப்போட்ட போர்வைக்குள் ஆளுயரத்துக்கு ஏதோ நின்றது. உள்ளேயிருந்து உறுமல் வேறு. ஃப்ரிட்ஜா என்று கேட்டேன். அந்தம்மா கண் இமைக்காமல் சொன்னார்: "பீரோ மேடம். கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கும், அவ்ளோதான்."

மீன்

பணத்தை என்ன செய்தீர்கள் என்றால் தெரு முழுக்க ஒரே பதில்தான்: பிள்ளைகள் படிப்பு, மருந்து. பேசி வைத்துக்கொண்டார்களோ என்றுதான் எனக்குத் தோன்றும். ஒரு பூக்காரம்மா மட்டும் "மீன் வாங்கித் தின்னேன்" என்றார். சந்தோஷமாக எழுதிக்கொண்டேன்.

தெருமுனை தாண்டுவதற்குள் மூச்சிரைக்க ஓடிவந்தார். "மேடம், மீனை அழிச்சிட்டு மருந்துன்னு போடுங்க. மீன் தின்னா ஏழைன்னு நம்ப மாட்டாங்க."

வராத பணம்

செல்வி பக்கத்து அபார்ட்மெண்டில் வீட்டு வேலை செய்பவள். கன்னம் வீங்கியிருந்தது. பல்வலி என்றாள். அவளிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் வாசற்படியில் உட்கார்ந்திருந்த அவள் புருஷனே பதில் சொன்னான். பணம் வந்ததா என்றபோது மட்டும் அவள் முந்திக்கொண்டாள்: "ரெண்டு மாசமா வர்லக்கா."

ஒருத்தருக்கு முன்னே, ஒருத்தருக்குப் பின்னே வருவது உண்டுதான். ஆனாலும் அந்தத் தெருவில் வேறு யாரும் அப்படிச் சொல்லவில்லை. பாஸ்புக்கைக் காட்டு என்றேன். அவள் முகம் வெளுத்துப் போனது. அதற்குள் புருஷன் குறுக்கிட்டு, "போன் பண்ணி செக் பண்ணுவாங்களாமே? என் நம்பரைப் போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பீடி வாங்கப் போனான். அவன் தலை மறைந்ததும் செல்வி கிட்ட வந்தாள். "நீங்கதான் எல்லா வீட்லயும் வாடகை எவ்ளோன்னு கேக்குறீங்களே அக்கா. நானும் பொண்ணும் மட்டும் இருக்கற மாதிரி ஒரு ரூமுக்கு அட்வான்ஸ் எவ்ளோ கேப்பாங்க?"

சரிபார்ப்பு

வீட்டுக்காரர்கள் கொடுத்த நம்பருக்கு எங்கள் சூப்பர்வைசர் போன் செய்து, நாங்கள் எழுதியதை வாசித்துக் காட்டிச் சரியா என்று கேட்பார். பணம் வந்தது என்று நான் எழுதினால் அது நேரே புருஷன் காதுக்குப் போகும். அவனுக்குத் தெரியாமல் அவள் சேர்த்ததும் போகும், இன்னொரு கன்னமும் வீங்கும். பாஸ்புக் கேட்ட என் மேல் எனக்கே ஆத்திரம் வந்தது. வரவில்லை என்று எழுதினேன்.

பொய் வெளியே வந்தால் வேலை போய்விடும். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் சூப்பர்வைசர் என் எதிரிலேயே செல்வி புருஷனின் நம்பரை ஸ்பீக்கரில் போட்டார். மறுமுனையில் அவன் கெஞ்சினான்: "நெஜம்தான் சார், வரவே இல்ல. நீங்களாச்சும் மேல சொல்லி வாங்கிக் குடுங்க."

இரண்டாம் சுற்று

ஆறு மாதம் கழித்து அதே கேள்விகளோடு போனேன். செல்வி எங்கே என்றதும் அவன் கதவை அறைந்து சாத்தினான். மறு வாரம் பஸ்ஸில் வெகுதூரம் தள்ளி வேறொரு பகுதியில், மாடியில் தகர ஷீட் போட்ட ஓர் அறைக் கதவைத் தட்டினால், திறந்தது செல்வி. கன்னத்து வீக்கம் வற்றியிருந்தது. உள்ளே ஒரு அடுப்பு, இரண்டு தட்டு, மகளின் புத்தகப் பை. தொழில் புத்தி, என் கண் மூலை முடுக்கெல்லாம் துழாவியது. அவள் சிரித்துவிட்டாள்: "நல்லா பாத்துக்குங்கக்கா. இங்க போர்வை போட்டு மூட ஒண்ணுமே இல்ல."

சந்தேகப்படுவதற்கென்றே எனக்குச் சம்பளம் தருகிறார்கள். இத்தனை பதில்களில் நான் முழுசாக நம்புவது, பொய்யென்று தெரிந்தே எழுதிய அந்த ஒன்றை மட்டும்தான்.