கிட்டாருக்குத் தைத்த பை

என் அண்ணனின் கிட்டாரைக் கெடுத்தது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்றைக்கு அவன் சொன்ன வார்த்தையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அது எலெக்ட்ரிக் கிட்டார். வழக்கமான இடுப்பு வளைவு கிடையாது. ஒரு செவ்வகத்தை மேலே ஒரு பக்கமும் கீழே எதிர்ப்பக்கமும் பிடித்து இழுத்தது மாதிரி, கோணல்மாணலாக நாலு முனையோடு இருக்கும். எங்கள் அப்பா வயது அதற்கு. வெள்ளையாக இருந்து வெண்ணெய் நிறத்துக்கு வந்திருந்தது. அரக்கோணத்தில் ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் வெளிநாட்டுக்குப் போனபோது அவரிடமிருந்து அண்ணன் வாங்கியது. கல்யாணக் கச்சேரி, சர்ச் ஆராதனை என்று ஆம்பூரிலிருந்து வேலூர் வரை அதைத்தான் வாசித்தான்.

கடையில் விற்கிற எந்தப் பையிலும் அது நுழையாது. பெட்ஷீட்டில் சுற்றித்தான் பஸ்ஸில் கொண்டுபோவான். ஒருமுறை கண்டக்டர், "இன்னா சார் அது, ஏர் கலப்பையா? லக்கேஜ் போடணும்" என்று கேட்டு, பஸ்ஸே சிரித்திருக்கிறது. அண்ணன் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டிருக்கிறான்.

நான் ஷூ கம்பெனியில் பேட்டர்ன் போடுகிறவன். கால் மாதிரி செதுக்கிய கட்டையின்மேல் டேப் ஒட்டி, அதில் கோடு வரைந்து, உரித்து, அட்டையில் பரப்பி வெட்டினால் ஷூவின் மேல்பாகத்துக்கு அளவு கிடைக்கும். பதினெட்டு வருஷமாக இதுதான் வேலை. அப்பா தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்றவர். அண்ணன் மட்டும் தப்பித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தான். தம்பி என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால் "எக்ஸ்போர்ட் கம்பெனி" என்பான். தோல் என்ற சொல் அவன் வாயில் வராது. ஏன் என்று எங்கள் தெருவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அதனால்தான் பை தைக்க நினைத்தேன். பாசத்தினால் மட்டும் என்று பொய் சொல்ல மாட்டேன். என் கைவேலையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் நாலு பேர் முன்னால் நடக்க வேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அவன் வீட்டுக்கே போய், கிட்டாரை மெல்லிய துணியால் இறுக்கிச் சுற்றி, அதன்மேல் டேப் ஒட்ட ஆரம்பித்தேன். அண்ணன் பக்கத்திலேயே நின்றான்.

"டேய், அது ஷூ இல்லடா."

"ஷூவுக்கு ஒரு மூக்குதான். இதுக்கு நாலு. கம்முனு இரு ண்ணா."

அண்ணி சமையலறையிலிருந்து, "பாத்துக்கோங்க, தம்பி ஹீல் வெச்சிடப் போறாரு" என்றார்.

மேனேஜரிடம் கேட்டு, தழும்பு இருந்ததால் ஒதுக்கிய எருமைத் தோலை வாங்கினேன். அடிபடாமல் இருக்க, ஷூவுக்குள் வைக்கிற மெத்தென்ற ரப்பர் ஷீட்டை உள்ளே ஒட்டினேன். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் ஒட்டச் சொல்வார்கள்.

அண்ணன் மோந்து பார்த்தான். "வாசனை ஜாஸ்தியா கீது" என்றான். ஆனாலும் கச்சேரிக்கு எடுத்துப்போனான். மறுநாள் அவன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னான்: "டிரம்ஸ் வாசிக்கிறவன் பையை எங்க வாங்கினேன்னு கேட்டான்டா."

"நீ இன்னா சொன்ன?"

"பெங்களூருன்னு சொன்னேன்."

அவன் சாம்பார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். நான் எழுந்து கை கழுவிவிட்டேன்.

ஈஸ்டருக்கு முன்னால் வரும் நாற்பது நாள் தவக்காலத்தில் எங்கள் ஆட்கள் கல்யாணம் வைக்க மாட்டார்கள். சர்ச்சிலும் கிட்டார் கிடையாது. கிட்டார் பைக்குள்ளேயே, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, பீரோமேல் கிடந்தது. வேலூர் பக்கத்து வெயில் அப்போதே ஆரம்பித்திருந்தது. ஈஸ்டருக்கு முந்தின நாள் பயிற்சிக்காகத் திறந்தான். கிட்டார் வெளியே வரவில்லை. பிடித்து இழுத்திருக்கிறான். முதுகுப் பக்கத்துப் பாலிஷ் முழுக்க ரப்பரோடு உரிந்து வந்துவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது அது கட்டிலில் குப்புறக் கிடந்தது. வெறும் மரம், அங்கங்கே பிசுபிசுப்பு.

"தோல்காரன் கை பட்டா இப்பிடித்தான்" என்றான் அண்ணன். "நான் எங்க போனாலும் உட மாட்டீங்களாடா நீங்க?"

நீங்க என்றான். செத்துப்போன அப்பாவையும் சேர்த்துத்தான்.

"நாங்க தோல்காரங்கன்னா நீ யாரு?" என்று கேட்டேன். பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வேலூர் லாங் பஜார் பக்கத்துச் சந்தில் வாத்தியங்கள் ரிப்பேர் பார்க்கிற ஒருவரிடம் பையைக் காட்டினேன். உள்ளே ஒட்டியிருந்த பாலிஷை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "தோலு ஒண்ணும் பண்ணலைங்க. இது பழங்காலத்து லாக்கரு பாலிஷு. ரப்பர் பட்டுக்கினே இருந்தா இளகிடும், சூட்டுல இன்னும் சீக்கிரம். காட்டன் துணி வெச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

ஆக, தப்பு என்னுடையது. என் தோலுடையது இல்லை. அண்ணியிடம் போனில் இரண்டையும் சொன்னேன்.

ரப்பர் முழுவதையும் கிழித்தெறிந்தேன். பசை இருந்த சுவடே தெரியாமல் சுரண்டி, காட்டன் துணியை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்தேன். என் மனைவி அதில் குடை வைத்துப் பார்த்தாள், பாய் வைத்துப் பார்த்தாள். "இந்தப் பைல அந்தச் சனியனைத் தவிர எதுவும் ஒழுங்கா உக்காராது" என்று கொண்டுவந்து போட்டாள்.

பிறகு அண்ணி கூப்பிட்டார். "தம்பி, பைக்கு உள்துணி மாத்திட்டீங்களான்னு கேக்குறாரு. திரும்பவும் பெட்ஷீட்லதான் எடுத்துன்னு போறாரு."

"மாத்திட்டேன். அவரையே வந்து வாங்கிக்கச் சொல்லுங்க. வீட்டுக்கு வேணாம். ஷிப்ட் முடியறப்போ கம்பெனி கேட்டுக்கு வரட்டும்."

"ஏன் தம்பி பேஜார் பண்றீங்க?"

"வரச் சொல்லுங்க அண்ணி."

ஷிப்ட் முடிந்தால் கட்டிங்கும் தையலும் பேக்கிங்கும் மொத்தமாக வெளியே வரும். அவர்கள் நடுவில் நின்று அவன் என் கையிலிருந்து அதை வாங்கித் தோளில் மாட்ட வேண்டும். மூன்று வாரமாகிறது, அவன் வரவில்லை. தினமும் பையை வேலைக்கு எடுத்துப்போகிறேன், திரும்ப எடுத்துவருகிறேன். கேட்டில் செக்யூரிட்டி முதலில் திறந்து பார்த்தார். இப்போது பார்ப்பதில்லை.