மாமி மினுக்கிய போத்தல்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் பிரெஞ்சு புழங்கும் பியர்பொன்ட்ஸில் எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் ஈரானியப் பெண் இருந்தாள். அவளிடம் நீளக் கழுத்துள்ள சின்னக் கண்ணாடிப் போத்தல் ஒன்று இருந்தது. எண்ணூறு வருடப் பழசு என்றாள். இறந்துபோன அவளுடைய அப்பா கொடுத்தது. கோலம் வெட்டிய அச்சுக்குள் கண்ணாடியை ஊதி, வெளியே எடுத்து இன்னொரு தரம் ஊதுவார்களாம். அப்போது அந்தத் தேன்கூட்டுக் கோலம் அகன்று விரியுமாம். மண்ணுக்குள் நெடுங்காலம் கிடந்ததில் அதன்மேல் மயில்கழுத்து நிறத்தில் ஒரு படலம் படிந்திருந்தது. அப்பாவுக்குப் பிடித்தது அந்த நிறம்தான் என்றாள்.

எங்கள் பன்னீர்ச் செம்பும் இதே மாதிரித்தான் என்று நான் வாயை விட்டேன். மச்சாளின் கல்யாணத்தில் வரவேற்பு மேசையில் வைக்கக் கேட்டதும், யோசிக்காமல் தூக்கித் தந்தாள்.

"கழுவ மட்டும் வேண்டாம்" என்றாள்.

அதைக் குசினியில் குத்துவிளக்குகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வந்திறங்கும் சொந்தக்காரரைக் கூட்டிவர டோர்வல் விமான நிலையத்துக்குப் போனேன். விளக்கு மினுக்க உட்கார்ந்திருந்த மச்சாளின் தாயான மாமியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேரமில்லாமல் அல்ல. இரவல் வாங்கிய பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

திரும்பி வந்தபோது விளக்குகளோடு போத்தலும் பளபளத்தது. மயில்கழுத்து நிறம் போயே போய்விட்டது.

"பழப்புளி போட்டுக் கம்பி நாரால தேய்ச்சனான், பிள்ளை. எவ்வளவு ஊத்தை எண்டு தெரியுமே!" என்றார் மாமி.

போத்தலை அப்படியே வரவேற்பு மேசையில் கொண்டுபோய் வைத்தேன். கல்யாணம் முடிந்த மறுநாள் போத்தலோடு புறப்பட்டபோது, மாமியும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

பக்கத்து வீட்டுக்காரி போத்தலை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள். விரலால் தடவினாள். அவள் கண் கலங்கியது. பிறகு, பாராட்டுக்காகக் காத்து நின்ற மாமியின் முகத்தைப் பார்த்தாள். அவர் கையைப் பிடித்து "மெர்சி" என்று நன்றி சொன்னாள்.

மாமி பூரித்துப்போனார். "இதென்ன பெரிய வேலை! அங்க அலுமாரிக்குள்ள இப்பிடி இன்னும் கிடக்குதெல்லே, அதுகளையும் தரச் சொல்லு பிள்ளை. பின்னேரத்துக்குள்ள மினுக்கித் தாறன்."

"என்ன சொல்கிறார்?" என்று அவள் பிரெஞ்சில் என்னைக் கேட்டாள்.

"தெரியாமல் செய்துவிட்டாராம். மன்னிப்புக் கேட்கிறார்" என்றேன்.

நான் கேட்க வேண்டிய மன்னிப்பை மாமியின் தலையில் கட்டிவிட்டேன். கூசிப்போனேன். ஆனாலும் திருத்திச் சொல்லவில்லை. அவள் அழுதுகொண்டே மாமியைக் கட்டியணைத்தாள்.

அவள் தோளுக்கு மேலால் மாமி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எத்தினை சாமான் தாறாவாம்?"