வானத்தைப் பார்த்த கப்பல் பெண்

கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். தப்பை ஒத்துக்கொள்ள மட்டும் வாய் வராது. சிங்கப்பூரில் சுற்றுலாப் பயணிகளுக்காகக் கட்டிய ஒரு பாய்மரக் கப்பலின் முனையில் வைக்கப் பெண் சிலை வேண்டும் என்றார்கள். படம் வரையும் வேலை எனக்கு. ஆங் மோ கியோ வீட்டில், சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து, என் கண்ணுக்கு நேராக அவள் முகத்தை வரைந்தேன். கொண்டை, மல்லிகைச் சரம், நிமிர்ந்த கழுத்து. எனக்கே பெருமை தாங்கவில்லை.

மரத்தில் செதுக்கியவர் பூன் லே பட்டறையில் வேலை பார்த்த தமிழ்நாட்டுக்காரர், என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர். ஊரில் கோயில் தேர்களுக்குச் சிற்பம் செய்தவர். இது நன்றாக அமைந்தால் கப்பலின் பின்பக்கச் சிற்பமும் அவருக்கே என்று கப்பல் முதலாளி சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் அவர் இருந்தார்.

ஒருநாள் பட்டறைக்குப் போனால், அவர் மரத்தில் போட்டிருந்த கோடுகளில் முகம் குனிந்திருந்தது.

“அக்கா, கீழ நின்னுதானே பாப்பாங்க? தேர்ல மேல்தட்டுப் பொம்மைய எல்லாம் கொஞ்சம் குனிஞ்சாப்லதான் செய்வோம். இல்லன்னா மூக்கு ஓட்டைதான் தெரியும்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “இது தேர் இல்ல, கப்பல்! ட்ராயிங்ல இருக்கறத மட்டும் செய்ங்க லா!” என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். அவர் கோடுகளை அழித்தார்.

சிலையை ஏற்றிய அன்று எல்லோரும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தோம். ஐயோ! மோவாயும் இரண்டு மூக்குத் துவாரங்களும்தான். கண்ணும் இல்லை, மல்லிகையும் இல்லை. யார் தப்பு என்று முதலாளி கேட்டார்.

“செதுக்கினதுல கோளாறு” என்றேன். நாக்கு கூசவில்லை.

என் கையெழுத்துப் போட்ட படம் செதுக்கியவர் கையிலேயே இருந்தது. விரித்துக் காட்டியிருந்தால் என் பாடு முடிந்திருக்கும். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, “மை மிஸ்டேக், பாஸ்” என்றார். பின்பக்கச் சிற்பம் அப்போதே அவர் கையைவிட்டுப் போயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் அவரைப் பார்த்ததும் கூட்டத்தில் நழுவப் பார்த்தேன். அவரே வந்து, “சாப்ட்டீங்களாக்கா?” என்றார். ஏன் பழியை ஏற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

“எல்லார் முன்னாடியும் ஏச்சு வாங்குனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்லக்கா.”

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. அன்றே முதலாளிக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பின்பக்கச் சிற்பத்தை வேறொருவர் செதுக்கினார். அதற்கும் படம் வரைந்தது நான்தான்.