கை ஓடாத ஆட்டம்

கம்ப்யூட்டரில் வியூகம் வகுத்து ஆடும் ஸ்ட்ராடஜி கேம் எல்லாம் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுள்ளென்று கோபம் வரும். எப்படி ஒன்றாகும்? ஆடுபுலி ஆட்டமும் கபடியும் ஒன்றா? இரண்டிலும் எதிராளியை மடக்கத்தான் வேண்டும். அதற்காக ஆடுபுலி ஆடத் தெரிந்தவளைக் கபடிக் களத்தில் இறக்கிவிட்டு, இவளுக்கு ஆடத் தெரியவில்லை என்று தீர்ப்பு எழுதலாமா? எனக்கு எழுதினார்கள். அதில் என் வேலை போயிற்று.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. ராஜபாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில். மாலை வகுப்பு முடித்து, பஸ் பிடித்து வீடு சேர்வதற்குள் இருட்டிவிடும். அப்பாவுக்கு அது அறவே பிடிக்கவில்லை. "நம்ம ஊர்லயே கிளை தொறக்கப் போறாகன்னு சொல்லுதியே, அங்க போட்டாகன்னா போ. இல்லைன்னா சித்திரையோட நின்னுக்கோ," என்று சொல்லிவிட்டார். அதை அப்படியே முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "பாப்போம்மா," என்றார்.

முதலாளி நூல் மில் நடத்துகிறவர். மகன் சொன்னான் என்று கம்ப்யூட்டர் சென்டரும் தொடங்கியிருந்தார். மில்லில் நடப்பது போலவே இங்கேயும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசைக்கு நடுவே நடப்பார். மில்லில் இழை அறுந்தால் அந்தக் கணமே ஒட்ட வேண்டும். கை நின்றால் நூல் நின்றுபோகும். அங்கே அது நியாயம். ஆனால் இங்கேயும் அவர் யாருடைய திரையையும் பார்க்க மாட்டார், கையைத்தான் பார்ப்பார். புரோகிராம் எழுத வந்த பெண் கன்னத்தில் கை வைத்து யோசித்தால் போதும், "என்னம்மா, பஸ்ஸுக்கு நிக்கியா?" என்பார்.

என்னோடு இன்னொருவனும் அங்கே பாடம் எடுத்தான். தளவாய்புரத்துக்காரன், என்னைவிட இளையவன், என்னை அக்கா என்று கூப்பிடுவான். வகுப்பு இல்லாத மத்தியான நேரங்களில் இருவரும் ஆளுக்கொரு ஆட்டம் ஆடுவோம். அவனுடையதில் நேரம் நிற்காது. நாம் மரம் வெட்டும்போதே எதிராளியும் வெட்டுவான், நாம் படை திரட்டும்போதே அவனும் திரட்டுவான். தும்மினால்கூட ஒரு வீடு எரிந்துபோகும். மவுஸைத் தட்டத் தட்டத்தான் பிழைப்பு.

என்னுடையது முறை வைத்து ஆடுவது. நான் நகர்த்திய பிறகு எதிராளி நகர்த்துவான், அதுவரை உலகம் அசையாது. எந்த ஊரில் களஞ்சியம் கட்டுவது, யாரோடு சமாதானம் பேசுவது, இன்று விட்டுக்கொடுத்தால் இருபது முறை தாண்டி என்ன கிடைக்கும், எல்லாவற்றையும் முதலிலேயே மனதில் ஓட்டிப்பார்க்க வேண்டும். இவை போக, எதிரியே இல்லாமல் ஊர் கட்டி, வரி வாங்கி, தண்ணீர் விடும் வகை ஒன்று உண்டு. ஏழெட்டுச் சிப்பாய்களை மட்டும் வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாக நகர்த்தும் வகையும் உண்டு. அதில் ஒரு ஆள் செத்தால் வயிறு எரியும். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு புத்தி வேண்டும்.

பொங்கல் லீவில் மாணவர்களுக்கு இந்த ஆட்டங்களில் போட்டி வைத்தோம். முதலாளி வந்து பார்த்தார். இந்த ஆட்டம் ஆடுகிறவர்கள் நிர்வாகத்தில் கெட்டிக்காரர்கள் என்று அவருடைய மகன் ஏதோ சொல்லி வைத்திருக்கிறான். உடனே எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "ரெண்டு பேரும் ஆடுங்க. ஜெயிக்கிறவுகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கிளை," என்றார். திரையில் அவன் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

"சார், நான் ஆடுறது வேற வகை," என்றேன்.

"என்ன வகை? அம்புட்டும் சண்டை வெளையாட்டுதான?"

உட்கார்ந்தேன், வேறு என்ன செய்வது? நான் கோட்டைக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவனுடைய குதிரைப்படை என் ஊருக்குள் நுழைந்துவிட்டது. மாணவர்கள் சிரித்தார்கள். முதலாளிக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "பாத்தீகளா, அவன் கை எம்புட்டு ஓடுது!" என்று அவன் முதுகில் தட்டினார்.

எனக்கு அழுகை வந்தது, அழவில்லை. "சார், அவன் ஆட்டத்துல அவன் ஜெயிச்சுட்டான். என் ஆட்டத்துலயும் ஒரு தடவை ஆடட்டும். பொறவு முடிவு பண்ணுங்க," என்றேன். மாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் அவரால் மறுக்க முடியவில்லை.

ஒரே கம்ப்யூட்டரில் மாறி மாறி உட்கார்ந்து ஆடினோம். அவன் எழுந்தால் நான் உட்கார வேண்டும். அவன் வழக்கம்போல அவசரப்பட்டான். காவல் போடாமல் ஊர் ஊராகக் கட்டிக்கொண்டே போனான். நான் மலைப் பாதையை அடைத்து, பக்கத்து ராஜாவைக் கூட்டாளியாக்கி, அவனுடைய இரண்டு ஊர்களைப் பிடித்துவிட்டேன். மூன்றாவதை எந்தப் பக்கத்தில் வளைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மேசைமேல் என் கை அசையாமல் இருந்தது.

"என்னாச்சு, மெஷின் நின்னுபோச்சா?" என்றார் முதலாளி.

"யோசிக்கேன் சார்."

"நீ யோசிச்சு முடிக்கதுக்குள்ள அங்க பிள்ளைக எந்திரிச்சு வீட்டுக்குப் போயிரும்மா. போதும், அணைங்க." சொன்னதோடு நிற்கவில்லை, அவரே குனிந்து சுவிட்சை அணைத்தார். பிடித்த ஊர்கள், அடைத்த மலைப் பாதை எல்லாம் போயிற்று.

நான் தளவாய்புரத்தானைப் பார்த்தேன். தோற்றுக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரியும். ஒரு வார்த்தை, 'அக்காதான் சார் முன்னால இருந்தாவ' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் மவுஸ் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவனை நல்லவன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

கிளை அவனுக்கு என்றானது. அப்பா சொன்னபடி நான் சித்திரையோடு நின்றுவிட்டேன். மழைக்காலத்துக்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூரில் கிளை திறந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம். "பத்திரிகை வச்சுக் கூப்பிட்டிருக்காக, போகாம இருந்தா நல்லாருக்காது," என்று அப்பா அனுப்பிவைத்தார். முதலாளி வாசலிலேயே நின்றார். உள்ளே தன் மேசைக்குக் கூட்டிப்போய், கையில் காபியைக் கொடுத்து, "ஏம்மா திடீர்னு நின்னுட்ட? பஸ்ஸுல வாரது கஷ்டம்னா சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

சொல்லியிருக்கலாமாம்! அவர் அறையில், அவருக்கு நேரே நின்று சொன்னேன். அது அவர் காதில் ஏறவே இல்லை.

"சரி விடு. இங்க ஒரு டீச்சர் வேணும். தளவாய்புரத்துத் தம்பிதான் இன்சார்ஜ், அவன் சொல்லுறதைக் கேட்டு நடத்தணும். நாளைக்கே வந்துரு."

"வரலை சார்."

அவர் திகைத்துப்போனார். "என்னம்மா இது, வெடுக்குன்னு சொல்லிட்ட? செத்த நேரம் யோசிச்சுச் சொல்லக் கூடாதா?"

யோசிக்கச் சொன்னார், என்னைப் பார்த்து. காபியைக் குடிக்காமல் அவர் மேசைமேலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.